நாற்பத்தேழாம் எண் ஆறு

தொஷியேயின் வயலில் இரண்டு அரசாங்கப் பலகைகள் இருந்தன. வடக்கு வரப்பில் நின்ற பழைய பலகை, "இவ்வயலில் பொதுப்பணத்தில் வடிகால் பதிக்கப்பட்டுள்ளது. தேங்கும் நீர் இருபத்துநான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும்" என்றது. தெற்கு வரப்பில் இந்த ஜூன் மாதம் நட்ட புதுப் பலகை, "இது நன்செய். இங்கே முப்பது நாள் தண்ணீர் நிற்கும்" என்றது. இரண்டையும் நட்டவன் ஒரே ஆள்தான். பேரூராட்சி வேளாண் பிரிவு எழுத்தர் ஒனொதெரா. முதல் பலகையை நட்டபோது அவன் வேலைக்குப் புதிது, தலைமுடியும் நிறைய இருந்தது.

இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை என்று ஒனொதெரா சத்தியம் செய்வான். நாட்டில் அரிசி தேவைக்கு மேல் விளைகிறது. அதனால் நெல் வயலில் நெல் போடாமல் வேறு ஏதாவது போடுகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. நுகாசாவா மலைச்சரிவின் ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஒன்பது வருடமாக சொபா போடுகிறார்கள். முக்கோண விதை, கறுப்புத் தோல், அரைத்தால் நூடுல்ஸ் மாவு. சொபாவுக்கு ஈரம் ஆகாது. தாழ்வில் இருந்த தொஷியேயின் வயலில் வேர் அழுகியது. உடனே அரசாங்கத்தின் ஒரு கை வந்து தண்ணீரை வெளியேற்றக் குழாய் பதித்துக் கொடுத்தது. இப்போது இன்னொரு கை வந்து கேட்கிறது: ஒன்பது வருடமாக நெல்லே போடாத வயல் நெல் வயல்தான் என்று நாங்கள் எப்படி நம்புவது? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் தண்ணீர் நிறுத்திக் காட்டு. நின்றால் நன்செய், மானியம் உண்டு. நிற்காவிட்டால் புன்செய், மானியம் கிடையாது.

ஏழு வீட்டு வயல்களும் காகிதத்தில் ஒரே தொகுப்பு. ஒன்று தவறினால் ஏழும் தவறியதாகக் கணக்கு. மானியம் நின்றால் பொதுவில் வாங்கிய அறுவடை இயந்திரத்தை விற்க வேண்டியதுதான். அது போனால் எதிர்வீட்டு ஹருயே முதலில் கிளம்புவாள். செந்தாய் நகரத்தில் இருக்கும் அவள் மகன் அவளுக்கென்று அறை ஒதுக்கி, திரைச்சீலை வரை மாட்டி வைத்திருக்கிறான். அவள் போனால் மேல்வீட்டு இரட்டையர்கள், அவர்கள் பின்னால் மற்றவர்கள். கணவன் இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருக்கிற தொஷியேக்கு மானியத்தைவிட இதுதான் பயம். சாயங்காலம் எதிர்வீட்டில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. இந்த வருடம் முறைப்படி தொகுப்பின் தலைவியும் அவளே. தன் வயலால் தன் தலைமையில் ஊர் காலியாவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மற்ற ஆறு வயல்களிலும் தண்ணீர் சமர்த்தாக நின்றது. தொஷியேயின் வயலில் காலையில் விட்ட தண்ணீர் மாலையில் காணாமல் போனது. வடிகால் அவ்வளவு நல்ல வடிகால்.

"குழாய் வாயில அடைப்பான் ஒண்ணு இருக்கணுமேக்கா," என்றான் ஒனொதெரா. அவன் அம்மா இந்த ஊர்ப் பெண். அதனால் தொஷியே அவனுக்கு அக்கா.

"இருந்துச்சு தம்பி. துருப்பிடிச்சு மூணாம் வருஷமே கையோட வந்துருச்சு. எழுதிக் குடுத்தேனே."

"குடுத்தீங்க. அது வடிகால் பிரிவுக்குப் போகணும். நான் இப்ப நன்செய்ப் பிரிவு."

"அப்ப நீ வடிகால் பிரிவுலதானடா இருந்த?"

"இருந்தேன். மாத்திட்டாங்க." அவன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஏதாவது துணியைச் சுருட்டி அடைச்சிருங்க. முப்பது நாள்தானே."

கையில் கிடைத்த துணியெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் தொஷியே கணவனின் பனிக்காலக் கோட்டை எடுத்தாள். ஆறு வருடம் அலமாரியில் தொங்கிய கோட்டு அது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுருட்டித் திணித்தாள். தண்ணீர் நின்றது. உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதர் இப்படித்தான், ஒரு இடத்தில் உட்கார்ந்தால் நகரமாட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். தகேமியா மட்டும் இல்லாதிருந்தால்.

தகேமியா தோக்கியோவிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. காலியாகக் கிடந்த ஒரு வீட்டை வாங்கித் தனியாக இருந்தார். முப்பத்துநான்கு வருடம் ரயில் கால அட்டவணை அச்சிடும் நிறுவனத்தில் பிழை பார்த்தவர். ஒரு ரயில் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களில் நிற்பதாக அச்சாகிவிடாமல் காப்பதே அவர் வாழ்க்கை. நல்ல மனிதர், குனிந்து வணங்கினால் தேவைக்கு மேலேயே குனிவார். ஆனால் ஊருக்கு வந்த முதல் கோடையிலேயே ஒரு காரியம் செய்தார். நுகாசாவாவில் யாருக்காவது காய் கொடுக்க வேண்டுமென்றால் அவர்கள் வாசலில் சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வைத்தது என்று கேட்பதில்லை, சொல்வதுமில்லை. தகேமியா ஊர் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்: "ஜூலை 3, காலை. வெள்ளரிக்காய் ஆறு. ஜூலை 5, மாலை. வெள்ளரிக்காய் ஒன்பது, ஒன்று வளைந்தது. கொடுத்தவர்கள் அருள்கூர்ந்து பெயரைத் தெரிவிக்கவும். பதிவு செய்ய வேண்டும்." அன்றோடு வெள்ளரிக்காய் நின்றது. பேச்சும் ஏறக்குறைய நின்றது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

இந்த வருடம் பேரூராட்சி வெளிப்படைத்தன்மை விதி ஒன்றைக் கொண்டுவந்தது. பொதுப்பணம் வாங்கும் ஒவ்வொரு வயலும் அதைப் பலகையில் அறிவிக்க வேண்டும். பலகையும் வயலும் ஒத்துப்போகாவிட்டால் எந்தக் குடிமகனும் எழுதிப்போடலாம். பதினான்கு நாளுக்குள் அவர் முன்னிலையில் சோதனை நடந்தாக வேண்டும். இப்படி ஒரு விதியைப் படித்து மகிழ்ந்த குடிமகன் அந்தப் பேரூராட்சியில் ஒருவர்தான். அவர் தினமும் காலை ஐந்து நாற்பதுக்குக் கழுத்தில் கேமராவோடு நடைக்குப் போவார், ஒவ்வொரு பலகையாக நின்று படிப்பார். தண்ணீர் நின்ற பதினாறாம் நாள் தொஷியேயின் வயலில் வடக்குப் பலகையைப் படித்தார். சுற்றி வந்து தெற்குப் பலகையைப் படித்தார். மறுபடி வடக்குக்குப் போனார். தொஷியே சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே அவர் பேரூராட்சிக்கு எழுதிப்போட்டார்.

சோதனைக் கெடுவின் பதினான்காவது நாள், தண்ணீர் நிற்க வேண்டிய முப்பதாவது நாளில் வந்து விழுந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு ஒனொதெரா கடைசிப் புகைப்படம் எடுக்க வேண்டும். அதுவரை தண்ணீர் நின்றாக வேண்டும். வடிகாலைச் சோதிக்க மாகாணத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரிக்கோ காலையில் மட்டும்தான் நேரம்.

"குழாயைத் திறங்க," என்றார் அந்த அதிகாரி.

"திறந்தா தண்ணி போயிருமேங்க," என்றான் ஒனொதெரா.

"போகணும். போகலைன்னா குழாய் வேலை செய்யலைன்னு அர்த்தம். குடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டணும்."

"போயிருச்சுன்னா இது நன்செய் இல்லைன்னு அர்த்தம். அந்தப் பணம் நின்னுரும்."

இருவரும் ஒருவரையொருவர் குனிந்து வணங்கிக்கொண்டார்கள். தகேமியா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஏழு வீட்டுக்காரர்களும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு நிக்க வெச்சுட்டானுங்களே!" என்று ஹருயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். அதைக் கேட்டதும்தான் தொஷியேக்கு யோசனை வந்தது.

"ஹருயே, மேல போய் வாய்க்கால் மடையை முழுசாத் தூக்கு."

"முழுசாவா?"

"முழுசா. கேள்வி கேக்காம ஓடுடி."

மேலே மடை திறந்தது. தொஷியே முழங்கால் சேற்றில் இறங்கிக் கோட்டைப் பிடித்து இழுத்தாள். சொட்டச் சொட்ட வந்தது. அதிகாரி தன் தாளில் "துணி, ஆண்களுக்கானது" என்று எழுதினார். குழாய் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. மேலிருந்து அதே வேகத்தில் வயலுக்குள் தண்ணீர் இறங்கியது. அதிகாரி குழாயைப் பார்த்தார்: பிரமாதமாக வடிகிறது. ஒனொதெரா அளவுகோலைப் பார்த்தான்: ஐந்து விரல்கடைத் தண்ணீர், ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஒருவர் வடிகிறது என்று முத்திரை வைத்தார், மற்றவன் நிற்கிறது என்று முத்திரை வைத்தான். ஏழு வீட்டுக்காரர்களும் கை தட்டினார்கள். தொஷியேக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு சந்தேகம்," என்றார் தகேமியா.

எல்லோரும் கைதட்டுவதை நிறுத்தினார்கள்.

"தண்ணி ஒரு பக்கம் வருது. இன்னொரு பக்கம் போகுது. நடுவுல நிரம்பியும் இருக்கு. அப்படின்னா இது வயல் இல்லீங்களே. ஆறு."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சோதனைத் தாளின் அடியில் "குடிமகன் கருத்து" என்ற கட்டத்தில் அதை அப்படியே, அழகான கையெழுத்தில் எழுதினார். குடிமகன் கருத்து எந்தத் துறையைப் பற்றியதோ அந்தத் துறைக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. ஒனொதெரா அனுப்பினான். அனுப்பாமல் இருக்க அவனுக்கு எங்கே தைரியம்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, பத்தே நாளில் ஆற்றுத் துறை வந்தது. வந்த அதிகாரி மிகவும் இளையவர், காலில் புத்தம்புது ரப்பர் பூட்ஸ். தண்ணீர் ஓடும் நிலையில்தான் அளக்க வேண்டும் என்று சொல்லி மடையைத் திறக்க வைத்தார். ஒரு மரக்கட்டையை மேல்முனையில் போட்டார். கட்டை சாவகாசமாக மிதந்து கீழ்முனைக்குப் போய்ச் சேர்ந்தது. நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"ஓடுதும்மா," என்றார் மகிழ்ச்சியாக.

"நீங்க திறக்கச் சொன்னீங்க, ஓடுது. மடையை மூடினா நின்னுரும்."

"வரத்து இருக்கு, போக்கு இருக்கு, ரெண்டு பக்கம் கரை இருக்கு. வேற என்ன வேணும் ஒரு ஆத்துக்கு?"

"இதுல நான் முப்பத்திரண்டு வருஷமா விவசாயம் பண்றேன்."

"ஆத்துலயா?" அவர் முகம் சுருங்கியது. "அது தப்புல்ல? சரி, தெரியாம பண்ணியிருப்பீங்க, விடுங்க." பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இந்த நாற்பத்தேழாம் எண் வயலை நன்செய்த் தொகுப்புலேர்ந்து நீக்கி ஆறுன்னு பதிவு பண்ணிக்கறோம். மத்த ஆறு வயலுக்கும் பாதிப்பில்ல. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. தொகுப்பு மொத்தத்தையும் ஆரம்பத்துலேர்ந்து மறுஆய்வு பண்ணுவோம். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் வராது."

அந்த வயலில் எந்த மூலையில் எந்தக் கல் கிடக்கிறது, முதல் பனி எங்கே விழும், தவளை எங்கே முட்டையிடும் எல்லாம் தொஷியேக்குத் தெரியும். அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். ஹருயேயின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இடுப்புப் பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, படிவத்தில் குத்தினாள். ஆட்சேபணை இல்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு ஹருயே வந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது, கிண்டல்தான் தெரியும்.

"ஊருல எல்லாரும் ஏதோ காணி நிலம் வெச்சிருக்கோம். உன்னை மாதிரி சொந்தமா ஆறு வெச்சிருக்கறவ யாருடி? மீன் விட்டா சொல்லு, தூண்டில் எடுத்துட்டு வர்றேன்."

"போடி," என்றாள் தொஷியே. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

மறுவாரம் இரண்டு பலகைகளும் போய் ஒரே பலகை வந்தது: "நாற்பத்தேழாம் எண் ஆறு. ஆண்டு முழுவதும் ஓடும். பராமரிப்பாளர்: தொஷியே." வருடத்துக்கு இரண்டு முறை கரைப் புல்லை வெட்டுவதற்கு அவளுக்குச் சிறு தொகை உண்டு என்றும், அதைக் குடிமக்கள் இணையத்தில் பார்க்கலாம் என்றும் கீழே எழுதியிருந்தது. கரையில் பயிரிடுவது குற்றம் என்பது கடைசி வரி.

ஆண்டு முழுவதும் ஓடும் என்று எழுதிவிட்டதால் ஓட வேண்டியிருந்தது. தொஷியே தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து போய் மடையைத் திறப்பாள். ஐந்து நாற்பதுக்கு தகேமியா வருவார், பலகையைப் படிப்பார், ஆற்றைப் பார்ப்பார், திருப்தியோடு போவார். ஆறு மணிக்கு அவள் மடையை மூடுவாள். ஒற்றை மனிதருக்காகத் தினமும் அரை மணி நேரம் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களின் தண்ணீரை அதற்குமேல் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்டு முதல் வாரம் ஒருநாள் அவர் தயங்கி நின்றார். மற்ற ஆறு வயல்களிலும் தண்ணீரை வடித்து உழுது சொபா விதைத்துக்கொண்டிருந்தார்கள். தொஷியே மட்டும் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் எழுதினதுல பிழை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எழுத்துக்கு எழுத்து உண்மை."

"அப்புறம் ஏன்…"

"உண்மைதாங்க. என் வயல் போயிருச்சு, அவ்வளவுதான்."

அவர் நெடுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. திரும்பி நடந்தார். அன்றைக்கு வழக்கமான பாதையை அவர் முழுதாகச் சுற்றவில்லை என்று இரட்டையர்கள் பிறகு சொன்னார்கள்.

அன்று மத்தியானம்தான் தொஷியே அந்தக் காரியத்தைச் செய்தாள். போன வருட விதையில் ஒரு படி மிச்சமிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேரே, கரையின் உட்சரிவில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தி அதைத் தூவினாள். ஹருயே பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பித்தா? ஆத்துக்காரன் கண்ணுல பட்டா மொத்தத்தையும் மறுபடி கிளறுவான். அவ்வளவு பாடுபட்டதும் வீணாப்போகும்."

"வருஷத்தோட கடைசி ராத்திரி எல்லா வீட்லயும் சொபா திங்கறப்ப நான் மட்டும் கடையில வாங்கித் திங்கணுமா? ஒன்பது வருஷமா என் மண்ணுல விளைஞ்சதைத்தான் தின்னிருக்கேன். முடியாது."

"நான் தர்றேன்டி. எங்கிட்ட வாங்கிக்கோ."

"உன் சொபா உன் சொபாதான்."

செப்டம்பரில் அது பூத்தது. மற்ற வயல்களெல்லாம் வெள்ளை விரித்தபோது ஆற்றங்கரையிலும் ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளை. புல்லுக்குள் இருந்தவரை ஒளிந்திருந்தது, பூத்தபின் ஒளியவில்லை. ஒருநாள் காலை ஐந்து நாற்பதுக்கு தகேமியா பலகையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார், அசையாமல் நின்றார். மடைக்குப் பக்கத்தில் தொஷியே மண்வெட்டியோடு நின்றிருந்தாள். ஓடி ஒளிய இடமில்லை.

"அது என்னங்க?"

"சொபா."

"எந்தத் திட்டத்துல வருது?"

"எந்தத் திட்டத்துலயும் வரலீங்க."

"அப்ப எதுக்கு?"

"சாப்பிடறதுக்கு."

அவர் யோசித்தார். அவருடைய குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கை மட்டும் பழக்கத்தில் கேமராவைத் தூக்கியது. ஒருமுறை சொடுக்கினார், குனிந்து வணங்கினார், போய்விட்டார்.

இரண்டு நாள் தொஷியேக்குச் சோறு இறங்கவில்லை. பேரூராட்சி வண்டிச் சத்தம் எது கேட்டாலும் வாசலுக்கு ஓடினாள். ஹருயே திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. தன் ஒரு தட்டுச் சொபாவுக்காக ஏழு வீட்டையும் பணயம் வைத்துவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டாள். பிடுங்கிவிடலாம் என்று இரண்டுமுறை கரைக்குப் போனாள். இரண்டுமுறையும் தேனீக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மூன்றாம் நாள் காலை அரிசி கழுவ நின்றவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே ஒரு சின்ன மரப்பலகை நின்றது. எழுத்தைப் படிக்கக்கூட அவள் நிற்கவில்லை. அரசாங்கப் பலகையாக இருந்தால் அது சாலையைப் பார்த்து நிற்கும். வெளியே ஓடிச் சாலைக்குப் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் மரம், அதுவும் புல்லோடு புல்லாகத் தெரிந்தது. எழுத்தெல்லாம் மறுபுறம். பலகையின் முகம் அவள் சமையலறை ஜன்னலை நோக்கித் திரும்பியிருந்தது. ஊரில் வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. அவள் திரும்பி வந்து அரிசிப் பாத்திரத்துக்கு முன்னால் நின்று படித்தாள். அழகான கையெழுத்து.

"சொபா. சாப்பிடுவதற்கு. பொதுப்பணம்: இல்லை."

தேதி இல்லை. பெயரும் இல்லை. வளைந்த வெள்ளரிக்காயைக்கூடத் தேதி போட்டுப் பதிந்த மனிதர்.

அன்று இருட்டுவதற்குள் தொஷியே தோட்டத்தில் ஆறு கத்தரிக்காய் பறித்தாள். தகேமியாவின் வாசலில் சத்தம் போடாமல் வைத்துவிட்டு வந்தாள். அதன்பின் ஒரு வாரம், காரணம் இருந்தும் இல்லாமலும், அறிவிப்புப் பலகைப் பக்கமாகவே நடந்து பார்த்தாள். அங்கே எந்தக் காகிதமும் ஒட்டப்படவில்லை.